திரும்பி வராத மொய்

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால், புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்கள் சந்திக்கும் பகுதியிலுள்ள பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களில் பந்தல்கள் எழத் தொடங்கும். திருமணம் இராது, காதணி விழாவும் இராது. ஆயினும் ஆட்டுக்கறிக் குழம்பு மணக்கும், ஒலிபெருக்கி பாடும், அழைப்பிதழ் பெற்றவர்கள் சாரை சாரையாக வந்து பந்தியில் அமர்வர். உண்டு கைகழுவியவர் நேரே வீடு திரும்புவதில்லை. பந்தலின் ஓரத்தில் மேசையிட்டு, தடித்த பேரேட்டுடன் அமர்ந்திருப்போரிடம் சென்று, தம் பெயரையும் ஊரையும் கூறிப் பணத்தை எண்ணி வைப்பர். பெயர் எழுதப்படும், தொகையும் எழுதப்படும். இதுவே மொய் விருந்து.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை உற்று நோக்குவோர் வியப்படையாமல் இருக்க முடியாது. பல குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வர். ஒரு குடும்பம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இவ்விருந்தை நடத்தும். இன்று நமக்கு ஆயிரம் ரூபாய் வைத்தவர் நாளை விருந்து நடத்தும்போது, நாம் அந்த ஆயிரத்தையும் வைக்கவேண்டும். அதற்கு மேல் புதிதாக ஒரு தொகையையும் வைக்கவேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, பிணைக்கு நிற்பவரும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஊரார் வாய்ச்சொல்லும் போதும். இவ்வாறு வந்த பணத்தைக் கொண்டு வீடு கட்டியவர் உண்டு. ஆழ்குழாய்க் கிணறு வெட்டியவர் உண்டு. பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பியவரும் உண்டு. அண்டை நாடாகிய மலபாரின் வடகரைப் பகுதியிலும் 'பணப்பயற்று' என்ற பெயரில், தேநீரும் சிற்றுண்டியும் அளித்துப் பணம் திரட்டும் இதே போன்றதொரு வழக்கம் வாழ்ந்து வந்திருக்கிறது.

கையேந்தும் சிறுமை இன்றி ஒருவர் உதவி பெறுவதற்கு நம் முன்னோர் கண்ட வழி இது. பெறுகிறவர் இரவலர் அல்லர்; விருந்து அளிப்பவர். தருகிறவர் வள்ளல் அல்லர்; விருந்தினர். இருவருக்கும் நடுவே ஓர் இலை விரிக்கப்பட்டிருக்கிறது. அந்த இலை இருவரையும் சமமாக்கி விடுகிறது.

ஏட்டில் பெயரில்லாதவர்

ஆனால் இந்த அழகிய ஏற்பாட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல்லாண்டு வளர்த்த மரம் ஓரிரவில் வீழ்ந்தது. தனக்கு வரவேண்டிய மொய்யை நம்பியிருந்தவருக்கும் தோப்பு இல்லை. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியவருக்கும் தோப்பு இல்லை. அடுத்த ஆடியில் மொய்த்தொகை சுருங்கிற்று. கொடுத்து வாங்கும் சுழற்சி, இரு தரப்பாரும் எழுந்து நிற்கும் வரையில்தான் சுழலும். ஊரே வீழும்போது அதுவும் நின்றுபோகும்.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்றும் உண்டு. திருப்பி வைக்க வழியற்றவனுக்கு அழைப்பிதழ் போவதில்லை. நிலமற்ற கூலியாள், கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண், படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆகியோரின் பெயர்கள் மொய் ஏட்டில் இடம்பெறுவதில்லை. அது எவருடைய கொடுமையும் அன்று. கணக்கின் இயல்பு அது. வரவில்லாத இடத்தில் பற்று எழுத முடியாது அல்லவா?

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும், ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும், ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஈகை அதிகாரத்தின் வாயிலிலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை என்றும், மற்றக் கொடைகள் யாவும் 'குறியெதிர்ப்பை' என்றும் வரையறுத்தார். குறியெதிர்ப்பை என்பது, அண்டை வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்கி, அதே ஆழாக்கால் அளந்து திருப்பிக் கொடுப்பது. அது நல்ல வழக்கந்தான். குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. ஆனால் அதை ஈகை என்று அழைக்கலாகாது என்பது வள்ளுவரின் தீர்ப்பு.

நம் ஆண்டவரும், லூக்காஸ் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்கு யாரை அழைப்பது என்று பேசுகையில் இதே கோட்டைத்தான் கிழிக்கிறார். உறவினரையும் செல்வரையும் அழைத்தால் அவர்கள் திருப்பி அழைப்பார்கள். கணக்கு அத்துடன் நேராகிவிடும். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்தால் அவர்களால் கைம்மாறு செய்ய இயலாது; அதுவே பேறு என்கிறார். மொய் விருந்தின் மொழியிற் சொல்வதானால், திரும்பி வராத மொய்யே விண்ணக ஏட்டில் எழுதப்படும் மொய்.

பிறர் துயர் துடைப்பதற்காக விருந்தும் விழாவும் நடத்திப் பணம் திரட்டும் வழக்கம் இந்நாளில் பெருகி வருகிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியபோது, அடுத்த சில நாட்களிலேயே திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தார் மொய் விருந்து வைத்தனர். இலைக்கு விலை குறிக்கவில்லை. உண்டவர்கள் தத்தம் மனம் போல் பணம் வைத்துச் சென்றனர். 1992இல் வெளிவந்த 'சின்னக் கவுண்டர்' திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு, இலைக்கு அடியில் பணம் வைக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கும். கேரளத்திலும் 'பிரியாணி சவால்' என்று பெயரிட்டு, முன்கூட்டியே பொட்டலங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் சமைத்து வீடுதோறும் கொண்டுசேர்த்து நிதி திரட்டினர். முகமறியாத மக்களுக்காக, திருப்பி வைக்கமாட்டார்கள் என்று தெரிந்தே வைக்கப்பட்ட மொய் இது. பழைய வழக்கம் தன் எல்லையைத் தாண்டிய நேரம் என்றே இதை நாம் கருதுகிறோம்.

நமது பங்கில் நடந்தது

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் சொந்தக் கணக்கை மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், கட்டட வேலையின்போது சாரம் சரிந்து விழுந்து ஒரு கொத்தனாரின் முதுகெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவத்திற்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. அவர் மனைவி சித்தாள் வேலைக்குச் செல்பவர், பெண்மக்கள் இருவர். பங்குப் பேரவை கூடியது. 'அன்பு விருந்து' ஒன்று நடத்துவோம், நுழைவுச் சீட்டு அச்சிட்டு விற்போம், வரும் தொகையை அக்குடும்பத்திற்கு அளிப்போம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். இளைஞர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களுடைய ஆர்வத்தைக் குறை கூற நமக்கு மனம் வராது.

துண்டறிக்கை அச்சாயிற்று. படுக்கையில் கிடந்த கொத்தனாரின் படமும், அருகில் நின்ற மனைவி மக்களின் படமும் அதில் இருந்தன. பார்ப்போர் மனம் இளகவேண்டும் என்பது நோக்கம். அச்சுக்குப் போகுமுன் அதைப் பார்த்து ஒப்புதல் அளித்தவர் நாமே. மேடை போட்டோம், வண்ண விளக்குகள் கட்டினோம், சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம், வரவேற்புரையும் வாழ்த்துரைகளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டன. விருந்து சுவையாகவே இருந்தது. எல்லோரும் நம்மைப் பாராட்டினார்கள்.

பந்தி முடியும் வேளையில், தண்ணீர் போதுமானதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சமையற்கூடத்தின் பின்புறம் சென்றோம். அங்கே குழாயடியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார் கொத்தனாரின் மனைவி. "நீ ஏனம்மா இங்கே? சாப்பிட்டாயா?" என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சற்றும் குறைகூறும் குரலின்றி, "சீட்டு வாங்கலியே சாமி" என்றார்.

நாம் அங்கேயே நின்றோம். அவருக்காக நடந்த விருந்தில் அவருக்கு இலை இல்லை. தமக்காக இத்தனை பேர் பாடுபடும்போது சும்மா இருக்க மனமின்றி வேலை செய்ய வந்தவரை, உள்ளே வந்து அமர் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூத்த மகள் அந்த வாரம் முழுவதும் பள்ளிக்குப் போகவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. உடன் படிக்கும் பிள்ளைகளின் கைகளில் அந்தத் துண்டறிக்கை இருந்ததாம்.

மறுநாள் கணக்குப் பார்த்தோம். பந்தல், மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி, பொன்னாடை, மாலை எல்லாம் போக, வசூலான பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஊரார் கொடுத்தது கொத்தனாருக்காக. நாம் செலவிட்டது பெரும்பாலும் நமக்காக. மருத்துவத்துக்கு வேண்டிய தொகை பிறகு வேறு வழிகளில், ஓசையின்றிச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெண்மணியின் ஒரு சொல், இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை.

சின்னப்பரும் ஒசானாமும் காட்டும் வழி

அன்று இரவு நாம் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய மடல்களைத் திறந்தோம். முதல் மடலின் 11ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் பந்திக்கெனக் கூடிய இடத்தில் ஒருவர் வயிறு நிறைய உண்ண, மற்றொருவர் பசித்திருப்பதைக் கண்டு அவர் கடிந்துரைக்கிறார். இல்லாதவர்களை நாணச் செய்கிறீர்களா என்பதே அவர் எழுப்பும் கேள்வி. இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பு கொரிந்து நகரில் நிகழ்ந்த தவறு, நமது பங்கின் பந்தலுக்குள்ளும் வந்து அமர்ந்திருந்ததை அப்போது உணர்ந்தோம்.

அதே சின்னப்பர், வறுமையுற்ற யெருசலேம் மக்களுக்காக நிதி திரட்டியவர். அவர் அதை எவ்வாறு செய்தார் என்பது ஒவ்வொரு பங்கும் கற்கத்தக்க பாடம். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்பச் சிறிது எடுத்துவைக்கச் சொன்னார். தாம் வந்த பிறகு அவசர வசூல் வேண்டாம் என்றார். திரண்ட பணத்தைக் கொண்டுசெல்லும் ஆட்களைச் சபையாரே தெரிந்துகொள்ளட்டும் என்றார். இரண்டாம் மடலின் 8ஆம் அதிகாரத்திலோ, தீத்துவுடன் வேறு சகோதரர்களையும் அனுப்பும் காரணத்தை வெளிப்படையாகக் கூறுகிறார்: இந்தப் பெரும் தொகையைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடமிருக்கலாகாது, கடவுளின் முன் மட்டுமன்று, மனிதரின் முன்பும் நேர்மை விளங்கவேண்டும். திருத்தூதரே கணக்குக் காட்ட அஞ்சவில்லை என்றால், நாம் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

மற்றொரு பாடத்தை ஒரு கல்லூரி மாணவர் கற்பித்தார். 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், இருபதே வயதான பிரடெரிக் ஒசானாமும் அவருடைய நண்பர்கள் சிலரும் தொடங்கிய சிறு குழுவே இன்று நம் பங்குகளில் பணிபுரியும் புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1997ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பாரிசிலேயே அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். இச்சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் அதில் கையை விட்டு எடுப்பர். எவர் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. போட இயலாதவரும் கைவிட்டு எடுக்கலாம். அவர் முகம் வாட வேண்டியதில்லை. உறுப்பினர்கள் ஏழைகளின் இல்லங்களுக்கு நேரிற் சென்று, அவர்களுடன் அமர்ந்து உரையாடுவர்; ஏழைகளை மேடைக்கு அழைத்து நிறுத்தமாட்டார்கள்.

மொய் ஏட்டில் பெயர் உரக்க எழுதப்படுகிறது. ஒசானாமின் பையில் பெயரே இல்லை. இரண்டிலும் நன்மை உண்டு. கொடுத்தவரின் பெயர் மறைந்திருக்கலாம். ஆனால் கொடுக்கப்பட்ட மொத்தத் தொகையும், அது போய்ச் சேர்ந்த இடமும் மறைந்திருத்தல் ஆகாது. மொய் ஏட்டின் கணக்கும் ஒசானாம் பையின் மௌனமும் சேரவேண்டும் என்பதே நம் கருத்து.

திருவிழாக் காலங்களில் நம் கோவில்களில் நடைபெறும் காணிக்கைப் பொருள் ஏலத்திலும் இத்தகைய அழகு உண்டு. ஓர் ஏழைத் தாய் தன் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் கொணர்ந்து பீடத்தின் முன் வைக்கிறார். வசதி படைத்தவர் அதைப் பல மடங்கு விலைக்கு ஏலம் எடுக்கிறார். பூசணிக்காய் தந்தவரும் கொடையாளரே. பணம் தந்தவரும் கொடையாளரே. ஆனால் ஏலம் வீம்பாகி, எதிராளியை வெல்வதற்காகவே விலை ஏற்றப்படும் நேரத்தில், அங்கே காணிக்கை மறைந்துவிடுகிறது. பரிசுச் சீட்டு விற்று நிதி திரட்டுவதைப் பற்றியும் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே அரசு லாட்டரிச் சீட்டுகளைத் தடை செய்தது. சட்டம் ஒருபுறமிருக்க, மிதிவண்டி கிடைக்கும் என்ற ஆசையால் கொடுப்பவனுக்கு ஈகையின் இன்பத்தை நாம் கற்பிக்கத் தவறுகிறோம் என்பதே நம் கவலை.

அடுத்த ஆண்டு

மறு ஆண்டு வேறொரு குடும்பத்திற்காக உதவி தேவைப்பட்டது. மீண்டும் விருந்து வைப்பதா என்று பேரவையில் தயங்கினார்கள். வைப்போம் என்றோம், ஆனால் முறையை மாற்றினோம்.

மேடையும் பொன்னாடையும் வேண்டாம் என்று முடிவாயிற்று. அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றை வீடுதோறும் இயன்ற அளவு கொடுத்தார்கள். அன்னையர் சபையாரும் இளைஞர்களும் சேர்ந்து சமைத்தார்கள். கோவில் வளாகத்து வேப்பமர நிழலே பந்தலாயிற்று. சீட்டு அச்சிடவில்லை, பசியோடு வருகிற எவரும் அமரலாம் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்தோம். யாருக்காக நிதி திரட்டுகிறோம் என்பதைப் பேரவையின் மூவர் மட்டும் அறிந்திருந்தனர். ஊருக்குச் சொன்னதெல்லாம், நம் பங்கில் ஒரு குடும்பம் நோயால் நலிந்திருக்கிறது என்பதே. வெளியேறும் வழியில் துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. மூவர் சேர்ந்து எண்ணினார்கள். அடுத்த ஞாயிறன்று வரவு, செலவு, மீதி ஆகிய மூன்றும் கோவில் வாயிற்பலகையில் ஒட்டப்பட்டன. வந்த தொகை முந்தைய ஆண்டின் வசூலைவிடக் குறைவு. ஆனால் நோயாளியிடம் சென்ற தொகை அதைவிட அதிகம்.

முதல் பந்தியில், ஊன்றுகோலுடன் நடந்து வந்து அமர்ந்தார் அந்தக் கொத்தனார். அருகில் அவர் மனைவியும் பெண்மக்களும் இருந்தார்கள். நாமே அவர்கள் இலையில் சோறு பரிமாறினோம். உண்டு எழுந்த பின் அவர் மெல்ல நடந்து பெட்டியருகே சென்று, துணிக்கு அடியில் கையை நுழைத்து எடுத்தார். எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

பங்குக் குடும்பங்களுக்கு

வரவிருக்கும் பங்குத் திருவிழாவிலோ, கிறிஸ்மஸ் காலத்திலோ பிறரன்பு நிதிக்காக விருந்து, கலை விழா, ஏலம் எதை நடத்தினாலும், தொடங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி வேண்டுகிறோம். திரளும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எத்தனை ரூபாய் துயருற்றோரைச் சென்றடையும்? உதவி பெறுபவர் நாளை நம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? பணமில்லாதவருக்கும் நம் பந்தியில் இலை உண்டா? கணக்கை ஊரறிய ஒட்டிவைக்க நாம் அணியமாயிருக்கிறோமா?

இந்நான்குக்கும் மனச்சான்று 'ஆம்' என்று விடை கூறுமாயின், தயங்காமல் இலை போடுங்கள். பெற்றோர் தம் பிள்ளைகளையும் பரிமாற அழைத்து வாருங்கள். பிறர்க்குச் சோறிட்ட கை, பின்னாளில் பிறர் பொருளுக்கு நீளாது. விருந்து தொடங்குமுன் ஒரு முறை சமையற்கூடத்தின் பின்புறமும் சென்று பாருங்கள். அங்கே ஒருவர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தால், அவரை அழைத்து வந்து முதல் பந்தியில் அமர்த்துங்கள்.